அருமைக்காரர் தள்ளிவைத்த தட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். தீவன அறைக்கு வரும் செய்தித்தாளை இருபது வருடமாக ஒரு வரி விடாமல் படித்ததில் இந்த அளவுக்காவது எழுத வருகிறது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்கள் கூடி நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் கலக்கும் வேலை. மக்காச்சோளத்தை அரைத்து, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேர்த்துக் கலந்து, மூட்டை பிடித்துக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. எந்த டீக்கடைப் பெஞ்சில் பார்த்தாலும் நாற்பது தொட்ட, கல்யாணமாகாத ஆள் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். பெண் இல்லை. காடு தோட்டம் உள்ளவனுக்கே இல்லை என்னும்போது, தீவனம் கலக்கிறவனுக்கு எங்கே கிடைப்பாள்?

பெண் ஏன் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் பையனாக இருந்த காலத்தில் ஒரு பணக்கார வீட்டில் "ஒரு பையன் போதும், தோட்டம் பிரியாது" என்றார்கள். அடுத்த வீட்டார் அதைப் பார்த்தார்கள். அதற்கடுத்த வீட்டாரும் பார்த்தார்கள். வயிற்றில் இருப்பது என்ன பிள்ளை என்று டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்தவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. பார்த்துப் பார்த்தே செய்தார்கள். அதே ஆட்கள்தான் இன்றைக்குத் தரகரிடம் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "காலம் கெட்டுப்போச்சுங்க, பொண்ணே கெடைக்கறதில்ல" என்கிறார்கள். காலத்தின் மேல் பழி போடுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை.

அவள் எங்கள் பண்ணைக்கு முட்டை எடுக்கும் வேலைக்கு வந்தாள். பக்கத்து ஊர்தான். எங்கள் ஆட்கள்தான். முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். கட்டிக்கொண்டு போன இடத்தில் புருஷன் மஞ்சள்காமாலையில் இறந்துபோய், பிள்ளை இல்லாததால் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். காலையில் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு போய் முட்டைகளைப் பொறுக்கி, அட்டைகளில் அடுக்குவாள். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் மும்மூன்று முட்டை எடுப்பாள். ஒன்றும் உடையாது.

பண்ணையில் மற்றப் பெண்கள் எல்லாரும் என்னை அண்ணா என்பார்கள். அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க" என்பாள். முதலில் அதை நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஒருநாள் அரவை ஓடும்போது இருமிக்கொண்டே இருந்தேன். அவள் தண்ணீர் குடிக்க வந்தவள், கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் முன்னால் நீட்டினாள்.

"மூக்கச் சுத்திக் கட்டிக்கோங்க. தூசியெல்லாம் உள்ளதான் போகுது."

நான் தலையை ஆட்டினேன்.

"வாயில முட்டையா வெச்சிருக்கீங்க? தொறந்தா ஒடஞ்சிருமா?"

அன்றைக்குத்தான் நான் வேலை நேரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். அரவைக்காரன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றுக்கு அவள் தீவன அறை வாசலில் உட்கார ஆரம்பித்தாள். நான் உள்ளே உட்காருவேன். நடுவில் வாசல்படி. அவள் பேசுவாள், நான் கேட்பேன். அண்ணி சோற்றை அளந்து போடுவது, டவுன் பஸ்ஸில் நடத்துனரோடு போட்ட சண்டை, எந்தக் கூண்டுக் கோழி கொத்தும், எது கொத்தாது. இப்படியே ஒன்றரை வருடம் போனது. தொட்டதில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குப் பிடிக்காமல் போனது. அன்று அவளுக்கு விடுமுறை.

கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியபோது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை, திட்டவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சம்மதந்தான் சாமி. நான் கண்ண மூடுனா உனக்கு ஒரு வாய் சோறு போட ஆளு வேணும். ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குதல்லோ? மொதல்ல அருமைக்காரரக் கேளு. அவரு சரின்னா எல்லாருஞ் சரின்னுருவாங்க."

எங்கள் பக்கம் கல்யாணச் சீரெல்லாம் நடத்திவைப்பவரை அருமைக்காரர் என்போம். ஐயர் இல்லை, எங்கள் ஆளேதான். மனைவி மக்களோடு நல்லபடி வாழ்கிறவராக இருக்க வேண்டும். அதற்கென்று தனிச் சீர் செய்துகொண்டவராக இருக்க வேண்டும். அவர் தாலியை எடுத்துக் கொடுத்தால்தான் கல்யாணம் என்பது வழக்கம்.

வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, பொண்ணு அமஞ்சிருச்சா? எந்த ஊருப் புள்ள சாமி?"

சொன்னேன். எத்தனை நேரம் எடுத்துக்கொண்டு சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்தபோது அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். தட்டைத் தொடவில்லை. ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"தாலி எடுத்துக் குடுக்கற கை இது. அறுத்தவளுக்கு எடுத்துக் குடுத்தா என்ற ஊட்டுக்கு ஆகுமா? நாளைக்கு எவனாச்சும் அவன் ஊட்டுச் சீருக்கு என்னையக் கூப்புடுவானா? அப்படி வழக்கமே நம்மள்ல இல்ல. போ சாமி, கேரளாப் பக்கம் ஏதாச்சும் பொண்ணு பாக்கலாம், நானே கூட வாரேன்."

நான் "சரிங்க" என்றேன். அதுதான் நான் சொன்னது. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரிடம் மட்டும் சொன்னதாக நான் நினைத்தேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் ஒருவன் என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, பண்ணையில முட்டை மட்டுந்தான் பொறுக்கறாங்கன்னு நெனச்சோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பேச்சு பண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

பண்ணைக்காரர் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோயிலுக்குச் செய்வார், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுப்பார். அன்று அவர் அவளைத் தீவன அறை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். முட்டை எடுக்கும் பெண்கள் எல்லாரும் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அம்மிணி, இது வேலை செய்யற எடமா, வேற ஏதாச்சுமா? என்ற பண்ணைக்கு ஒரு பேரு இருக்குது. வயசுப் புள்ளைக வேலை செய்யற எடத்துல இப்படிப் பேச்சு வரலாமா?"

"என்ன பேச்சுங்க?"

"தெரியாத மாதிரி நடிக்காத. கல்யாணம் வரைக்கும் வந்துட்டீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். "எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலீங்க."

அவள் சொன்னது சத்தியம். அம்மாவைக் கேட்டேன். அருமைக்காரரைக் கேட்டேன். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் சரியென்று சொன்ன பிறகு அவளிடம் சொல்லலாம், அதுதான் முறை, அதுதான் மரியாதை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் இது. கட்டிக்கொள்ளப் போகிறவளைத் தவிர எல்லாரிடமும் உத்தரவு கேட்போம்.

அவள் அப்படி நின்றபோது நான் எங்கே இருந்தேன்? பத்தடி தூரத்தில், மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னால். வெளியே வந்து "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நாந்தான் நெனச்சேன்" என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அந்த வார்த்தை முழுதாக இருந்தது. கால் நகரவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவள் மத்தியானம் வரைக்கும் வேலை செய்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அண்ணன் வீட்டில் பெரிய சண்டையாகி, குமாரபாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே துண்டு மடித்துக் கட்டும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. தீவனம் கலக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு வருடம் கழிந்தது. பண்ணைக்காரர் மகளின் புருஷன் வண்டி விபத்தில் இறந்துபோனார். அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். துக்கத்துக்குப் போனபோது அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதற்கு நல்லது நடந்ததில் சந்தோஷம்தான். இதைப் படிக்கிறவர்கள் அதை மறக்க வேண்டாம்.

வருடம் திரும்பியதும் பண்ணைக்காரர் மகளுக்கு மறுபடியும் கல்யாணம் பேசினார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பம். பெரிய மண்டபம். ரோடெல்லாம் பிளக்ஸ். பண்ணை ஆட்கள் எல்லாரும் வேலைக்கு நின்றோம். எனக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலை.

மேடையில் தாலியை எடுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே அருமைக்காரர். அதே கை. புது வேட்டி, புதுத் துண்டு. மூன்றாம் பந்தியில் அவர் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா? வழக்கம் இருக்குதுங்களா?"

"நெம்பப் பழைய வழக்கமுங்க" என்றார் அருமைக்காரர், பாயசத்தை வழித்துக்கொண்டே. "நம்ம பெரியவங்க எல்லாம் பண்ணுனதுதான். நடுவுல நாமதான் மறந்துட்டோம்."

அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். டம்ளர் நிறைந்து இலையில் வழிந்தது. "பாத்து ஊத்து சாமி" என்றார். அண்ணாந்து பார்த்தார். என்னை நன்றாகத் தெரியும். கண்ணில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

சாப்பாடு முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஒருவர், பண்ணைக்காரர் ஊருக்கே வழிகாட்டி என்றார். கைதட்டினார்கள். என்னை டீக்கடையில் கேலி செய்தவன் முன்வரிசையில் நின்று விசில் அடித்தான். அன்று ராத்திரிக்குள் ஊரில் எல்லாருடைய செல்போனிலும் அந்தக் கல்யாணப் போட்டோதான். "மாற்றம் நம்மிடமிருந்தே தொடங்கட்டும்" என்று எழுதி, கீழே பூப்படம். எங்கள் தெருவில், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் விதவை மருமகள் எதிரில் வரக்கூடாது என்று அவளைத் திண்டுக்கல்லில் இருக்கிற மகள் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற கிழவரும் அதைப் போட்டிருந்தார்.

அம்மா மண்டபத்திலிருந்து தாம்பூலப் பையோடு வந்து உட்கார்ந்தார். "பாத்தியா, எவ்வளவு அம்சமா நடத்திட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஒரே வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று வீட்டில் அப்படிக் கல்யாணம் நடந்தது. எதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றையும் அதே அருமைக்காரர்தான் நடத்திவைத்தார். நல்லதுதான். நடக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே காரியம், ஒரே ஊர், ஒரே ஆட்கள். கூலிக்காரன் கேட்டால் அசிங்கம். முட்டை லாரி வைத்திருப்பவன் செய்தால் முன்னேற்றம். எது சரி எது தப்பு என்று இவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கவில்லை. யார் முதலில் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருடத்தில், ஒருத்தி துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

டீக்கடையில் என்னைக் கேலி செய்த அவனே சொன்னான். "இனி உனக்கென்ன மாப்ள? தடையில்ல. போய்க் கூட்டிட்டு வா."

நானும் போனேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவன் சொன்ன பிறகு போனேன்.

திருச்செங்கோடு போய், அங்கிருந்து குமாரபாளையம் பஸ் ஏறினேன். அவள் வேலை செய்யும் கிடங்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றேன். மத்தியான இடைவேளையில் பெண்கள் சோறு கொண்டுவந்த தூக்குப் போசியோடு வெளியே வந்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது அவளுக்கு. கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"வாங்க. யாரு உத்தரவு குடுத்தாங்க, இவ்வளவு தூரம் வாரதுக்கு?"

"பண்ணைக்காரர் மகளுக்குக் கல்யாணம் ஆச்சுங்க" என்றேன். வேறு எதுவும் வரவில்லை.

"பாத்தேன். சித்தி மகன் செல்லுல காட்டுனான். அருமைக்காரரே முன்னால நின்னு நடத்துனாராட்ட இருக்குது."

"ஆமாங்க. இப்ப ஊருல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"அதனால வந்தீங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"அவங்க ஊட்டுல நடக்காம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "மாட்டேனுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை.

"உங்கம்மாவக் கேட்டீங்க. அருமைக்காரரக் கேட்டீங்க. இப்ப டீக்கடையிலயும் சரின்னிருப்பாங்க. அத்தன பேருல என்னைய ஒருத்தியத்தான் நீங்க கேக்கல. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னத ஒருத்தரும் நம்பலீங்க. எங்கண்ணன் நம்பல. அண்ணி நம்பல. நெசந் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க, மூட்டைக்குப் பின்னால நின்னுட்டு இருந்தீங்க. செருப்பு வெளிய தெரிஞ்சுது."

செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"செரி, வந்துட்டீங்க. இப்பவாச்சும் கேளுங்க" என்றாள்.

"என்னையக் கட்டிக்கறீங்களா?"

கேட்டேவிட்டேன். நாலு பெண்கள் அந்தப் பக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டு எங்களையே பார்த்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. அவள் தூக்குப் போசியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"அன்னிக்குக் கேட்டிருந்தீங்கன்னா சரின்னிருப்பனுங்க. ஊரு ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் வந்திருப்பேன். இப்ப வேண்டாமுங்க. ஊரு திரும்ப மாறுச்சுன்னா நீங்களும் மாறிருவீங்க. என்னால இன்னொருக்கா அப்படி நிக்க முடியாது."

பிறகு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அருமைக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"என்ன சாமி, குமாரபாளையம் போனியாமா? நெம்ப நல்லது. ஆடி போகட்டும், ஆவணியில நாள் பாத்துறலாமா? நானே முன்னால நிக்கறேன்."

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். உட்காராமல் நின்றே பேசினேன்.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க. அன்னிக்கு உங்களக் கேட்டதே தப்புங்க."

"என்ன சொன்ன?"

"உங்களக் கேட்டிருக்கக் கூடாதுங்க. அவங்களக் கேட்டிருக்கோணும்."

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தினார். அருமைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்ப காலம் அப்படி இருந்துது சாமி. நாம என்ன பண்றது?"

"காலமில்லீங்க" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்கதான் மாட்டேன்னீங்க. காலம் வந்து சொல்லல. நானுந்தான் மூட்டைக்குப் பின்னால போய் நின்னேன். காலம் புடிச்சுத் தள்ளல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். நான் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்று மாதமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இன்றைக்கு முடித்தேன்.

புரட்டாசி பதினேழு, வெள்ளிக்கிழமை.